வெண்ணெய் மாதிரி கியர் மாறிய வண்டி: 1985 ஷெவர்லே சி10 பிக்கப்பின் 700ஆர்4 கியர்பாக்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதக் கடைசியில், எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் தன்னுடைய 1985 ஷெவர்லே சி10 பிக்கப்பின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்றார். ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும், மூவாயிரம் டாலருக்குப் பக்கத்தில் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு மேற்கே. 290-ஆம் நெடுஞ்சாலையில் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் தாண்டி ஜான்சன் சிட்டி போகிற வழி முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான், கோடையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டிவிடும், அதனால் கியர்பாக்ஸில் ஏதாவது கோளாறு இருந்தால் இந்தச் சாலை அதை வெளியே கொண்டுவந்து விடும்.

அவர் சொன்ன புகார் இதுதான்: ஏற்றத்தில் சுமையோடு போகும்போது 3-ஆம் கியரில் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கீழ்க் கியருக்கு இறங்குவதில்லை. சில நேரம் 2-இலிருந்து 3-க்குப் போகும்போது ஒரு கணம் நியூட்ரலில் விழுந்த மாதிரி இன்ஜின் வேகம் எகிறிவிட்டு அப்புறம்தான் பிடிக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "சமதளத்தில் மட்டும் அருமையாக ஓடும், கியர் மாறுவதே தெரியாது, வெண்ணெய் மாதிரி." இரண்டு வருடமாக அப்படித்தானாம், அதற்கு முன்பு கொஞ்சம் டக் டக்கென்று மாறுமாம்.

புகாரைவிட எனக்கு அந்தப் பாராட்டில்தான் சந்தேகம் வந்தது. நாற்பது வருட டிரக்கில் கியர் மாறுவதே தெரியவில்லை என்றால், மாறும் நேரத்தில் உள்ளே கிளட்ச் தகடுகள் நீண்ட நேரம் உரசிக்கொண்டு மெதுவாகப் பிடிக்கின்றன என்று அர்த்தம். அந்த உரசல்தான் சூடு, அந்தச் சூடுதான் கிளட்சைத் தின்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பழைய கார்புரேட்டர் கசிந்தது, ஒரு கடையில் கொடுத்து வேறு புதியது மாட்டினேன் என்றார்.

அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்று இப்போது சொல்லலாம். ஆனால் அன்றைக்கு நான் அப்படி முடிவுகட்டவில்லை, கட்டவும் கூடாது. சந்தேகம் வேறு, அளந்து பார்த்த உண்மை வேறு.

இந்தக் கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். 700ஆர்4 என்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல் வண்டிகளில் கொண்டுவந்த நான்கு வேக ஆட்டோமேட்டிக். முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது நேர் 1, நான்காவது 0.70. 1990-இல் 4எல்60 என்று பெயர் மாறியது, 1993 முதல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு 4எல்60ஈ என்று வந்தது. 1985-இல் இருப்பது முழுக்க ஆயில் அழுத்தத்திலேயே யோசிக்கும் பெட்டி. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை இரண்டு அழுத்தங்கள் மல்லுக்கட்டித் தீர்மானிக்கின்றன. ஒரு பக்கம் கவர்னர், வண்டி வேகமாகப் போகப்போக அது தரும் அழுத்தம் ஏறும், மேல் கியருக்குத் தள்ளும். மறுபக்கம் த்ராட்டில் வால்வ், அதாவது டிவி, நீங்கள் பெடலை அழுத்த அழுத்த அதன் அழுத்தம் ஏறும், இன்னும் மாறாதே, கீழேயே இரு என்று எதிர்த்துப் பிடிக்கும். கார்புரேட்டரின் லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் ஒரு மெல்லிய கேபிள்தான் அந்த டிவி வால்வை இழுக்கிறது.

இங்கேதான் பல பேர் தவறு செய்கிறார்கள். இதற்கு முந்தைய தலைமுறை டர்போ 350 கியர்பாக்ஸிலும் இதே மாதிரி ஒரு கேபிள் உண்டு, ஆனால் அது முழு ஆக்சிலரேட்டரில் கீழ்க் கியருக்கு இறக்குவதற்கு மட்டும்தான். அழுத்தத்தைத் தீர்மானிப்பது இன்ஜினின் வேக்குவத்தில், அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுப்பில், இயங்கும் மாடுலேட்டர். ஆகவே 350-இல் கேபிளைச் சரியாக மாட்டாவிட்டால் அந்த இறக்கம், அதாவது கிக்டவுன், வராது, அவ்வளவுதான், பெட்டி கெடாது. 700ஆர்4-இல் மாடுலேட்டரே கிடையாது. கியர் மாறும் நேரம், கிக்டவுன், எல்லாவற்றுக்கும் மேலாக கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் லைன் அழுத்தம், மூன்றும் அந்த ஒரே கேபிளை நம்பித்தான் இருக்கின்றன. 350-இல் கைப்பழக்கம் உள்ளவர் இதையும் கிக்டவுன் கேபிள் என்று நினைத்து ஏதோ ஒரு துளையில் மாட்டிவிட்டால், வண்டி ஓடும், வெண்ணெய் மாதிரியே ஓடும், ஆனால் உள்ளே கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாக வேகும்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

முதலில் ஆயில். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமமான தரையில், பார்க்கில் போட்டு ஐடிலில் ஓடவிட்டுத்தான் இந்தப் பெட்டியின் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு அதிகமாகக் காட்டும், குறைவாக உள்ள வண்டியும் நிறைவாகத் தெரியும். இங்கே அளவு சரியாக இருந்தது. நிறம்தான் சிவப்பிலிருந்து பழுப்புக்கு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன், லேசாகக் கருகல் வாடை, ஆனால் எரிந்துபோன பெட்டியில் வருமே மூக்கைத் துளைக்கிற அந்த நாற்றம் இல்லை. ஒரு வெள்ளைக் காகிதத் துண்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், நடுவில் மிக நுண்ணிய கரும்புள்ளிகள்.

பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்குப் போட்டால் உடனே பிடித்தது. டிரைவுக்குப் போட்டாலும் ஒரு நொடிக்குள் பிடித்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பம்ப் தேய்ந்திருந்தாலோ, ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஃபில்டரின் கழுத்துச் சீல் விட்டுக் காற்றை உறிஞ்சினாலோ, இந்த இடத்திலேயே தாமதமோ ஊளைச் சத்தமோ வந்திருக்க வேண்டும்.

அப்புறம் சாலை. வண்டியில் இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் இல்லை, ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரின் டாக் முனையிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பழைய கையடக்க டாக்கோமீட்டரை டேஷ்போர்டில் கட்டிவைத்தேன். இது இல்லாமல் வழுக்கலைப் பற்றிப் பேசுவது காது சொல்வதை நம்பிப் பேசுவதுதான். பின் ஆக்சில் 3.08, டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 720 சுற்று சுற்றும் அளவு. அப்படியானால் 60 மைல் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு ஒரு மைல் போகும்போது, நேர்க் கியரான மூன்றாவதில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,200 சுற்றை ஒட்டி ஓட வேண்டும், நான்காவதில் 1,550-ஐ ஒட்டி. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், நழுவாமல் நேராகப் பூட்டிக்கொள்ளாத வரை அதற்கு மேல் சில நூறு கூடுதலாக இருக்கும், சுமை ஏறினால் இன்னும் கூடும். கன்வர்ட்டரின் நழுவலையும் கிளட்சின் வழுக்கலையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி ஒன்று உண்டு. கன்வர்ட்டர் நழுவினால் இன்ஜின் வேகம் பெடலோடு சேர்ந்து சீராக ஏறும். கிளட்ச் வழுக்கினால் பெடலை அசைக்காமலே முள் திடீரென்று ஏறும், காலை எடுத்ததும் தொப்பென்று விழும்.

சமதளத்தில், மெல்ல ஓட்டும்போது, 10 மைல் வேகத்திலேயே இரண்டாவதுக்குப் போய்விட்டது, 18-இல் மூன்றாவது, 30 தாண்டுவதற்குள் நான்காவது. எந்த மாற்றமும் உடம்பில் தெரியவில்லை, முள் இறங்குவதைப் பார்த்துத்தான் எண்ணிக்கொண்டேன். பெடலைப் பாதி வரை அழுத்திக் கிளம்பினாலும் ஏறக்குறைய இதே வேகங்களில்தான் மாறியது. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் கியர்பாக்ஸுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

290-இல் ஏற்றம் வந்ததும், நான்காவது வரை போகவிடும், வட்டத்துக்குள் டி என்ற ஓவர்டிரைவிலிருந்து மூன்றாவதோடு நிற்கும் வெறும் டி-க்கு இறக்கி, 45 மைல் வேகத்தில் பெடலைப் பாதியில் நிறுத்தி வைத்தேன். முள் 2,000-இல் நின்றுகொண்டிருந்தது, பிறகு நான் எதுவும் செய்யாமலே 2,600-க்குத் தாவியது. காலை எடுத்தேன், விழுந்தது. மூன்றாவது வழுக்குகிறது, சந்தேகமே இல்லை. 700ஆர்4-இல் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் பொதுவாக ஒரே கிளட்ச் அடுக்கு, 3-4 கிளட்ச். இந்தப் பெட்டியில் முதலில் சாவது பெரும்பாலும் அதுதான். ஆகவே பட்டறைக்காரர் 3-4 போய்விட்டது, பிரிக்க வேண்டும் என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, அறிகுறி அதைத்தான் காட்டுகிறது. ஆனால் அது ஏன் வழுக்குகிறது என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

அதே ஏற்றத்தைத் திரும்ப வந்து, இந்தத் தடவை லிவரை 2-இல் வைத்து ஏறினேன். இந்தச் சோதனைக்கு ஐந்து காசு செலவில்லை, 700ஆர்4 வைத்திருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். லிவரைக் கையால் 2-இல் வைக்கும்போது வால்வ் பாடி, அதாவது ஆயிலை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வுகளின் தொகுதி, டிவி கேபிளைக் கேட்காமலே லைன் அழுத்தத்தை உயர்த்திவிடும், சேவை நூல்களில் 100 முதல் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று போட்டிருக்கும். டிரைவில் வெண்ணெயாக வழுக்கிப்போன அதே 1-2 மாற்றம், 2-இல் வைத்ததும் டக்கென்று இடுப்பில் தெரிகிற மாதிரி விழுந்தது. 35 மைல் வேகத்தில் பெடலை நன்றாக அழுத்தியும் முள் அசையாமல் நின்றது.

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். அழுத்தம் கிடைத்தால் இந்தப் பெட்டி பிடிக்கிறது. இரண்டாவது கியரைப் பிடிப்பது 2-4 பேண்ட் என்ற இறுக்கும் பட்டை, மூன்றாவதைப் பிடிப்பது 3-4 கிளட்ச், இரண்டும் வேறு வேறு பாகங்கள். இரண்டுமே ஒரே நேரத்தில் தேய்ந்து போயிருக்கும் என்று சொல்வதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒன்று, அதாவது லைன் அழுத்தம், குறைவாக இருக்கிறது என்று சொல்வது பொருத்தம்.

கவர்னர் மீதும் ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கவர்னர் சிக்கிக்கொண்டு எப்போதும் அதிக அழுத்தம் கொடுத்தாலும் கியர்கள் சீக்கிரம் மாறும். அதன் நைலான் பல்சக்கரம் தேய்ந்து போனால் நேர்மாறாக, முதல் கியரிலேயே நின்றுவிடும். ஆனால் கவர்னர் கோளாறு லைன் அழுத்தத்தைக் குறைக்காது, மாற்றங்களை இவ்வளவு மென்மையாக்காது. எதற்கும் பின்பக்கம், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் அந்த வட்ட மூடியைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தேன். எடைகள் தாராளமாக அசைந்தன, பல் நன்றாக இருந்தது. துடைத்து உள்ளே போட்டுவிட்டேன்.

இப்போது அழுத்தமானி, அதாவது கேஜ். பெட்டியின் ஓட்டுநர் பக்கத்தில், கியர் லிவர் இணைப்புக்குப் பக்கத்தில், எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரையில் ஒரு அடைப்பு இருக்கும், லைன் அழுத்தம் பார்க்கும் இடம் அதுதான். 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜும் நீளமான ஹோஸும் இருந்தால் போதும். ஹோஸ் எக்ஸாஸ்ட் குழாயைத் தொடவே கூடாது, சூடான எக்ஸாஸ்டில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும், இதில் அலட்சியம் வேண்டாம். நான் ஹோஸை ஃபிரேமோடு மூன்று இடத்தில் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கேஜைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

பார்க்கில், 1,000 ஆர்பிஎம்மில், 58 பிஎஸ்ஐ. கேபிள் இழுக்கப்படாத நிலையில் 55 முதல் 65 என்பதுதான் இந்தப் பெட்டிக்குச் சரியான அளவு. கியர்பாக்ஸின் மாடல் குறியீட்டைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். பம்பும் பிரஷர் ரெகுலேட்டரும் தங்கள் வேலையைச் செய்கின்றன. அடுத்து, இன்ஜின் வேகத்தை மாற்றாமல், கேபிளை மட்டும் கார்புரேட்டரிலிருந்து விடுவித்து, கையால் கடைசி வரை இழுத்துப் பிடித்தேன். கேஜ் 152-க்கு ஏறியது. இருக்க வேண்டியது 130-க்கும் 170-க்கும் நடுவில். விட்டதும் கேபிள் சிக்காமல் சட்டென்று உள்ளே போனது, அழுத்தமும் பழைய இடத்துக்கு வந்தது. இந்தச் சோதனையை இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது. பக்கத்தில் யாராவது பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆக, பெட்டிக்குள் இருக்கும் டிவி வால்வ் நல்லது, பம்ப் நல்லது. கேபிளைத் திரும்ப மாட்டி, சாலையில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் வெட்டவெளிச்சமானது. அதே ஏற்றம், அதே 45 மைல், பெடல் பாதியில், கேஜில் 66 பிஎஸ்ஐ. முழுவதும் அழுத்தினாலும் 95-ஐத் தாண்டவில்லை. ஐந்து லிட்டர் வி8 இன்ஜினின் இழுப்பை, ஐடிலில் நிற்கும்போது இருக்கிற அழுத்தத்தை வைத்துக்கொண்டு அந்தக் கிளட்ச் தாங்கப் பார்க்கிறது. அது வழுக்காமல் வேறு என்ன செய்யும்.

கேபிளை அட்ஜஸ்ட் செய்தால் போதும் என்று நினைத்தேன். இன்ஜினை அணைத்து, கேபிள் உறையில் இருக்கும் பூட்டுப் பொத்தானை அழுத்தி, நழுவும் பாகத்தை, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தடுப்பின் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளி, பொத்தானை விட்டு, கார்புரேட்டர் லிவரைக் கையால் முழுத் திறப்புக்குத் திருப்பினால், கடகடவென்று அதுவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலை அமைப்பில் இது இரண்டு நிமிட வேலை. செய்தேன். கேஜைப் பார்த்தால் ஐடிலிலேயே 84 பிஎஸ்ஐ. ஓட்டினால் மெல்லப் போகும்போதே 1-2 மாற்றம் முதுகில் அறைந்த மாதிரி விழுந்தது, மூன்றாவதுக்கு 35 மைல் வரை போகவே இல்லை. முழுத் திறப்பில் அழுத்தம் சரியாகிவிட்டது, ஆனால் ஐடிலில் கெட்டுவிட்டது. பின்னுக்குத் தள்ளி ஐடிலைச் சரிசெய்தால் முழுத் திறப்பு மறுபடி 95-க்கு இறங்கியது. போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் தெரிகிறது, காலுக்கு இழுத்தால் தலை தெரிகிறது.

போர்வை சின்னது என்றால் இழுத்துப் பயனில்லை, அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பெட்டிக்காக அமைந்த ஷெவர்லே கார்புரேட்டர் லிவரில், த்ராட்டில் தண்டின் மையத்துக்கும் கேபிள் மாட்டும் ஊசிக்கும் நடுவில் சுமார் 1.125 அங்குலம், அதாவது ஒன்றே அரைக்கால் அங்குலம், இருக்கும். லிவர் முழுவதும் திரும்பும்போது கேபிள் 35 மில்லிமீட்டர் அளவுக்கு இழுபடும். புதிதாக மாட்டிய கார்புரேட்டரிலோ கேபிள் 0.8 அங்குலத் துளையில் உட்கார்ந்திருந்தது. முழுத் திறப்பில் நான் அளந்தது 25 மில்லிமீட்டர். கேபிள் உறையைப் பிடிக்கும் பிராக்கெட்டும் வேறு உயரத்தில் இருந்ததால், தொடக்கத்தில் லிவர் திரும்பியும் கேபிள் நேராக இழுபடாமல் மேல்நோக்கி மடங்கியது. ஆகவே தினமும் ஓட்டும் கால்வாசி, பாதிப் பெடலில் கேபிள் அசைவதே அற்பம். அதாவது முழு இழுப்பு மட்டும் குறையவில்லை, பெடலுக்கும் அழுத்தத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய விகிதமே கெட்டுவிட்டது. எந்த அட்ஜஸ்ட்மென்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கார்புரேட்டர் மாட்டிய கடையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வருத்தம் உண்டு. அந்த மாதிரிக் கார்புரேட்டர்களுக்கு என்றே லிவரைத் திருத்தும் ஒரு சின்ன எஃகுத் தகடும், அதற்கேற்ற பிராக்கெட்டும் விற்கிறார்கள். அதை வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் இந்தப் பெரியவர் இரண்டு வருடம் ஆயிலைக் கருக்கிக்கொண்டு ஓட்டியிருக்க மாட்டார்.

தகடும் பிராக்கெட்டும் வந்ததும் மாட்டி, கேபிள் ஐடிலில் தொய்வே இல்லாமல், அதே நேரம் இழுபடாமலும் இருக்கிற மாதிரி வைத்து, முழுத் திறப்பில் கடைசி வரை போகிறதா என்று பார்த்தேன். பெடலை யாராவது மிதிக்க, நான் லிவரைப் பார்த்தேன், கையால் திருப்பிப் பார்ப்பது போதாது. தரை விரிப்பு தடித்திருந்து பெடல் முழுவதும் இறங்காத வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். கேஜில் பார்க்கில் 61. லிவரைத் தொட்டதுமே முள் நகர ஆரம்பித்தது, அதுதான் நான் தேடிய அடையாளம். முழு இழுப்பில் 150.

சாலைக்குப் போவதற்கு முன் கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டை (பான்) இறக்கினேன், பதினாறு போல்ட். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோன்ற படிவு, இது எந்தப் பழைய பெட்டியிலும் இருக்கும். பானின் அடியில் கறுப்பு மாவு மெல்லிய படலமாகப் பரவியிருந்தது, அது கிளட்ச் தகட்டிலிருந்து வந்தது, இருக்கக் கூடாத அளவு. பித்தளைச் செதில் இல்லை, இரும்புத் துண்டு இல்லை. ஃபில்டரை மாற்றும்போது அதன் கழுத்தில் இருக்கும் பழைய சீல் பம்ப் துளைக்குள்ளேயே தங்கிவிடும், அதைக் கவனமாக எடுத்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். இரண்டு சீலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டால் ஃபில்டர் சரியாக உட்காராமல் காற்றை இழுக்கும். பானிலிருந்து வெளியே வந்தது ஏறக்குறைய ஐந்து குவார்ட், ஊற்றியது டெக்ஸ்ரான் 6, பழைய டெக்ஸ்ரான் 2, 3 கேட்கும் பெட்டிகளுக்கு இது பொருந்தும். பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. ஏற்கெனவே சாகக் கிடந்த பெட்டிகளுக்குக் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியதால் வந்த பெயர் அது என்பது என் கருத்து.

அடுத்த ஓட்டத்தில் 1-2 மாற்றம் 14 மைலில், 2-3 மாற்றம் 24-இல், நான்காவது 42-இல். பெடலைப் பாதி அழுத்தினால் எல்லாம் தள்ளிப்போயின, முழுக்க அழுத்தினால் தானாக இரண்டாவதுக்கு இறங்கி வண்டி பாய்ந்தது. ஏற்றத்தில் 45 மைல், பாதிப் பெடல், கேஜில் 108, டாக்கோமீட்டர் முள் நின்ற இடத்தில் நின்றது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கியர் மாறுவது இப்போது தெரிகிறதே என்று கொஞ்சம் கவலையோடு கேட்டார். தெரியத்தான் வேண்டும், இரண்டு வருடத்துக்கு முன்பு இப்படித்தானே இருந்தது என்றேன்.

இதோடு முடியவில்லை. 55 மைல் வேகத்தில் நான்காவதில் போகும்போது, ஆக்சிலரேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். கன்வர்ட்டர் பூட்டியிருந்தால் அந்தத் தொடுதலில் பூட்டு விட்டு இன்ஜின் வேகம் கொஞ்சம் ஏற வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை, பூட்டவே இல்லை. இந்தப் பெட்டியில் உள்ள மின்சார வேலை கன்வர்ட்டரைப் பூட்டும் லாக்கப் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வ்) மட்டும்தான், அதற்குப் போகும் 12 வோல்ட் பிரேக் பெடல் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பெட்டியின் பக்கத்தில் உள்ள பிளக்கைக் கழற்றி ஏ முனையில் சோதனை விளக்கை வைத்தால் எரியவில்லை. சுவிட்ச் தன் பிடியிலிருந்து விலகி, பெடல் மேலே இருக்கும்போதும் தொடர்பு ஏற்படாமல் நின்றிருந்தது. சரியாக அமர்த்தினேன், பூட்டியது, முள் சுமார் 250 சுற்று குறைந்தது. கன்வர்ட்டர் பூட்டாமல் நெடுஞ்சாலையில் ஓடினால் ஆயில் வெந்துகொண்டே இருக்கும், டெக்சாஸ் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆயில் பழுப்பானதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்றை மறைக்க விரும்பவில்லை. ஆயில் நன்றாகச் சூடான பிறகு, சுமையோடு, முழுப் பெடலில் 2-3 மாற்றம் இன்னும் அரை நொடி நீளுகிறது. அது கேபிள் இல்லை, 3-4 கிளட்ச் இழந்துவிட்ட தடிமன். போனது திரும்பி வராது. கனமான டிரெய்லர் இழுக்க வேண்டாம், ஏற்றத்தில் ஓவர்டிரைவில் விடாமல் டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், 2-3 மாற்றம் இதைவிட நீண்டால் அன்றைக்குப் பிரிக்கலாம் என்று சொன்னேன். ஒருவேளை அடுத்த வருடமே பிரிக்க வேண்டி வரலாம். ஆனால் இந்தக் கேபிளைத் திருத்தாமல் மூவாயிரம் டாலர் கொடுத்துப் பிரித்துக் கட்டியிருந்தால், புதுக் கிளட்சும் இதே 66 பிஎஸ்ஐயில் இதே ஏற்றத்தில் வெந்திருக்கும். கட்டிய பெட்டி ஏன் ஒரு வருடத்தில் போனது என்று யாருக்கும் புரிந்திருக்காது. என்னை இதை எழுத வைத்ததே அந்த எண்ணம்தான்.

உங்கள் டிரக் 1993-க்குப் பிந்தையது, 4எல்60ஈ என்றால் கேபிள் கிடையாது, அந்த வேலையைக் கம்ப்யூட்டரும் ஒரு பிரஷர் கண்ட்ரோல் சோலனாய்டும் செய்கின்றன. கியர்களை ஏ, பி என்ற இரண்டு சோலனாய்டுகள் மாற்றுகின்றன: முதல் கியரில் இரண்டுக்கும் மின்சாரம், இரண்டாவதில் பி-க்கு மட்டும், மூன்றாவதில் இரண்டுக்கும் இல்லை, நான்காவதில் ஏ-க்கு மட்டும். மின் இணைப்பு முழுவதும் போனால் டிரைவில் மூன்றாவது கியரில், முழு லைன் அழுத்தத்தோடு ஓடும். ஆகவே பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டும்போது மூன்றாவது உறுதியாகப் பிடித்து, மாட்டியதும் வழுக்கினால், கோளாறு கிளட்சில் இருப்பதைவிட அழுத்தத்தைக் கட்டளையிடும் பக்கத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் லிவரை 2-இல் வைத்துப் பார்த்ததற்கு அங்கே இதுதான் இணை. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் தவறாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் ஏமாந்து அழுத்தத்தைக் குறைக்கும்.

அக்டோபர் கடைசியில் வண்டியை மறுபடி கொண்டுவரச் சொன்னேன், அதற்குள் 3,000 மைல் ஓடியிருந்தது. ஆயில் சிவப்பாகவே இருந்தது, காகிதத்தில் விட்ட சொட்டில் புள்ளி இல்லை. கேஜை மாட்டினேன், பார்க்கில் 61, முழு இழுப்பில் 150, ஜூலையில் இருந்த அதே எண்கள். 2-3 மாற்றம் அதே அரை நொடி. கேபிள் நழுவும் இடத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஏர் கிளீனர் மூடியின் உட்பக்கம் மார்க்கரில் இரண்டு அழுத்த எண்களையும் எழுதி, கேஜ் இல்லாமல் இந்தக் கேபிளைத் தொட வேண்டாம் என்று கீழே சேர்த்தேன், அடுத்து கார்புரேட்டரைத் திறப்பவர் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.